கோவிந்தப்பனுக்கு ஒப்பாரி

ஜீப்பின் கதவில் ஒரு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தடம் இருந்தது. மாதேவி முதலில் பார்த்தது அந்தத் தடத்தைத்தான். ஆள் அப்புறம்தான் கண்ணில் பட்டான். சதுரமாக வெளிறிய தடம். அதே அளவில், அதே உயரத்தில் ஸ்டிக்கர் ஒட்டிய ஜீப்புகள் அஞ்செட்டிச் சாலையில் கிரானைட் லாரிகளுக்கு முன்னும் பின்னும் ஓடுவதை அவள் பார்த்திருக்கிறாள்.

ஓசூரில் கார்களுக்கு வயர் பின்னும் கம்பெனியில், கடைசிச் சோதனை மேசையில் சில வருஷம் நின்றவள் அவள். அந்த மேசையில் சொல்லித் தருவது ஒன்றுதான்: கைக்கு வருகிற ஒவ்வொரு பீஸும் பழுது, பழுதில்லை என்று தெரிகிறவரைக்கும். நைட் ஷிப்ட் உடம்புக்கு ஒத்துவரவில்லை. வேலையை விட்டுவிட்டு, அஞ்செட்டிக்கு மேலே காட்டோரம் இருக்கும் நெல்லிக்கல் தொட்டிக்கே திரும்பிவிட்டாள். மேசையைத்தான் விட்டாள். பழக்கம் கூடவே வந்துவிட்டது.

தொட்டி என்றால் இருளர் குடியிருப்பு. நாலைந்து வரிசை வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, எப்போதாவது ஒரு பஸ். படிக்கத் தெரிந்தவள் என்பதால் ஊரின் வன உரிமைக் குழுவில் மாதேவியைச் சேர்த்திருந்தார்கள். குழுவுக்குத் தலைவர் சென்னப்பன். பூசை வைப்பதும் அவர்தான்.

ஜீப்பிலிருந்து இறங்கியவன் பெயர் அழகர்சாமி. மதுரைப் பக்கத்துக்காரன். ஓசூருக்கு ஃபேக்டரி வேலைக்கு வந்து, அதை உதறிவிட்டு, பழங்குடிகளுக்காக நடக்கும் ஓர் அறக்கட்டளையில் சேர்ந்ததாகச் சொன்னான். சிரித்த முகம். மாதேவிக்குச் சிரித்த முகம் எப்போதுமே பிடிக்காது. கம்பெனியில் ஆளை எடுக்கிறவனும் சிரித்தான், நிறுத்துகிறவனும் சிரித்தான்.

"வணக்கம்ண்ணே. ஒங்க ஊருக்குச் சமூக உரிமைப் பட்டா வாங்கித் தரணும்னு வந்துருக்கோம். மாடு மேய்க்கிற எடம், புளி பொறுக்குற எடம், தேன் எடுக்குற எடம், எல்லாத்தையும் மேப்ல ஏத்தணும்."

"தேனா?" என்றார் சென்னப்பன். "இப்ப எங்க சாமி தேனு. எல்லாம் கடையில பாட்டில்ல தான இருக்குது."

"அதவிட முக்கியம் ஒண்ணு இருக்குண்ணே. செத்தவங்களுக்குக் கல்லு வைப்பீகளாம்ல. அது எங்கிட்டு இருக்குன்னு காட்டுனீகன்னா..."

சுற்றி நின்றவர்களில் யாரோ மாட்டை அதட்டுகிற மாதிரி சத்தம் போட்டு நகர்ந்து போனார்கள்.

தொட்டியில் ஒருவர் செத்தால் உடம்பைக் காட்டில் எங்காவது புதைத்துவிடுவார்கள். அந்த இடத்தை யாரும் பெரிதாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஓடையிலிருந்து வழவழப்பான ஒரு கல்லை எடுத்து வருவார்கள். புதைத்து முடிந்ததும் அந்தக் கல்லைச் சீங்கைக்கரடு என்ற குன்றுக்குக் கொண்டுபோய், அங்கே பெரிய பலகைப் பாறைக்கு அடியில், அவரவர் வகையறாக் கற்களுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அதற்குப் பிறகு ஆள் அந்தக் கல்தான். வருஷத்துக்கு ஒருமுறை கேழ்வரகுக் களி கொண்டுபோய் அந்தக் கல்லுக்குத்தான் ஊட்டுவார்கள். மாதேவியின் அம்மாவும் அங்கேதான் இருந்தாள். ஓடையில் இறங்கி அந்தக் கல்லைத் தேடி எடுத்தவள் மாதேவி. கரட்டுக்குத் தூக்கிப் போனவளும் அவள்தான்.

இதை எதற்காக ஒரு மதுரைக்காரன் கேட்கிறான்?

வெளியாட்களுக்கு இடம் காட்டித் தொட்டி பட்டது போதும். பாட்டு எழுதிக்கொள்கிறேன் என்று பெங்களூரிலிருந்து ஒரு படித்த பெண் வந்தாள். பாட்டோடு தேன்பாறையையும் படம் எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த பூக்காலத்தில் யாரோ குத்தகைக்காரர்கள் கயிறும் புகையுமாக வந்து அடையை அடியோடு வழித்துக்கொண்டு போனார்கள். அவள்தான் சொன்னாளா, படம்தான் சொன்னதா, தெரியாது. அதிலிருந்து தொட்டியில் ஒரு வழக்கம் கெட்டிப்பட்டுவிட்டது. வெளியாள் வந்து இடம் கேட்டால் கூட்டத்தில் மூத்தவர்தான் முதலில் வாய் திறப்பார். அவர் எந்தப் பக்கம் கை நீட்டுகிறாரோ அதுதான் இடம். பக்கத்தில் நிற்கிறவர்கள் ஆமாம் போடுவார்கள். மறுத்துப் பேசுவது கிடையாது. கூடிப் பேசி வைத்துக்கொள்வதும் கிடையாது. தும்மல் வந்தால் மூக்கைப் பொத்துகிற மாதிரி, அது பாட்டுக்கு நடக்கும்.

"நாளைக்கி வாங்க" என்றார் சென்னப்பன்.

ஜீப் போன பிறகு மாதேவி அவரிடம் போனாள்.

"மாமா, அந்த வண்டிக் கதவப் பாத்தீங்களா? ஸ்டிக்கரச் சொரண்டி இருக்குது. குவாரிக்காரன் வண்டி அது."

சென்னப்பன் பீடியைக் காதில் சொருகிக்கொண்டார்.

"அப்ப ஈச்சங்கரடு" என்றார். முடிந்தது பேச்சு.

ஈச்சங்கரடு எதிர்ப்பக்கம் இருந்தது. ஈச்சம்புதரும் ஓணானும் தவிர ஒன்றுமில்லை. எப்போதோ மாட்டுப்பட்டி கட்டிய கற்கள் குவிந்து கிடந்தன. மறுநாள் காலை அழகர்சாமி வருவதற்குள் அந்தக் குவியலுக்கு மஞ்சள் பூசி, மேலே நாலு செம்பருத்தி வைத்துவிட்டார்கள். பறக்கும் கேமரா, இடக் குறி போடும் கருவி என்று அழகர்சாமி பெட்டி பெட்டியாக இறக்கினான். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வரத் தொட்டியைச் சேர்ந்த கோவிந்தப்பன் போனார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, நாராயணம்மா அழ ஆரம்பிக்கிறவரைக்கும்.

அழச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கேமரா அவள் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். கல்குவியல் முன்னால் தொப்பென்று உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ என் ராசா! கெழங்கு சுட்டு வெச்சனே, தின்னாம போனியே! மழையில ஒழுவுற ஊட்ட வேஞ்சு தர்றன்னியே, வேயாம போனியே! குடிக்காத குடிக்காதன்னு சொன்னனே, கேட்டியா!"

அவளுடைய ராசா கோவிந்தப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். காலையில்தான் கிழங்கு தின்றிருந்தார். வீடு வேயாதது மட்டும் உண்மை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அவரு பேரு என்னம்மா?" என்று அழகர்சாமி தாழ்ந்த குரலில் கேட்டான்.

நாராயணம்மாவுக்குப் புருஷன் பேரைச் சொல்கிற வழக்கமில்லை. முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சென்னப்பன்தான் சொன்னார், "கோவிந்தப்பன்."

அழகர்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு பெட்டி தூக்கியவரைப் பார்த்து, "ஒங்க பேருண்ணே?" என்றான்.

"முனியப்பன்" என்றார் கோவிந்தப்பன்.

அழகர்சாமி கண்ணைத் துடைத்ததை மாதேவி கவனித்தாள். என்னமா நடிக்கிறான் என்று நினைத்தாள். ஜீப் இறங்கிப் போனதும் தொட்டியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கோவிந்தப்பனை ஒரு வாரத்துக்கு எல்லாரும் "செத்தவரே" என்றுதான் கூப்பிட்டார்கள். "கள்ளி, நான் இருக்கறப்பவே இந்த அழுகையா? போனா சிரிப்பியாட்டுக்குது" என்று அவர் நாராயணம்மாவிடம் சண்டை போட்டார்.

மழைக்காலம் போய்ப் பட்டா வந்தது. வரும் என்று மாதேவி நினைக்கவில்லை. கிருஷ்ணகிரியில் மேடை போட்டுக் கொடுத்தார்கள். மேய்ச்சல், புளி, ஓடை, முன்னோர் வழிபாட்டு இடமாக ஈச்சங்கரடு. சென்னப்பன் கழுத்தில் துண்டு போட்டுப் படம் எடுத்தார்கள். குவாரிக்காரன் எதற்குப் பட்டா வாங்கித் தருகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. புரியாதது அவளுக்கு எப்போதும் பயம். இதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இருந்தது. விளக்குமாற்றுப் புல் அறுக்கப் போன நாராயணம்மா ஒருநாள் வெறும் கையோடு ஓடி வந்தாள்.

"சீங்கைக்கரட்டுல வெள்ளப் பெயின்டுல கோடு போட்டிருக்கான் மாதேவி. நம்ம பலகைக்கு மேலயே நெம்பர் எழுதியிருக்கான்."

மாதேவி போய்ப் பார்த்தாள். பலகைப் பாறையின் தலைமாட்டில் அம்புக்குறி, அதன் கீழே எண். பெயின்ட் ஒழுகி இடுக்கு வழியாக இறங்கி, கற்கள் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே காய்ந்திருந்தது. இன்னும் ஒரு கை பெயின்ட் கூடுதலாக வைத்திருந்தால் அம்மாவின் மேல் சொட்டியிருக்கும்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து அஞ்செட்டிக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அழகர்சாமி உட்கார்ந்திருந்தான். ஜீப் எதிரே நின்றது.

"கம்பெனிக்கு நல்லா வேல பாத்திருக்கீங்க" என்றாள்.

"வா தாயி. டீ சொல்லட்டுமா? எந்தக் கம்பெனிக்கு?"

"சீங்கைக்கரட்டுல பெயின்ட் அடிச்சிட்டான்."

"ஆமா, கேள்விப்பட்டேன். குவாரிக்குக் கேட்ருக்கான். பழங்குடி எடம் ஏதும் இருக்கான்னு ஆபீசுல மேப்பப் பாத்தாக. இல்லன்னு சொல்லிட்டாக. அங்கதான் ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே."

மாதேவி தரையைப் பார்த்தாள்.

அழகர்சாமியின் கையில் டீ கிளாஸ் பாதியில் நின்றது.

"ஒண்ணும் இல்லதானத்தா?"

அவள் ஜீப்பைப் பார்த்தாள். "அந்தக் கதவுல என்ன ஸ்டிக்கரு ஒட்டியிருந்துச்சு?"

"எது?"

"சொரண்டி எடுத்தீங்களே."

"அடப்போத்தா. கிரானைட்காரன் கழிச்சுப் போட்ட வண்டி. எங்க ட்ரஸ்ட்டுல வாங்கிப் போட்டாக. அவன் பேர ஒட்டிக்கிட்டு ஒங்க ஊருக்குள்ள வந்தா நீங்க என்னைய நம்புவீகளா? அதான் உக்காந்து சொரண்டுனேன்."

பொய் சொல்கிறவனும் இதைத்தான் சொல்வான் என்று மாதேவி நினைத்தாள். ஆனால் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த முகத்தை அன்றைக்குத்தான் கொஞ்சம் நம்பலாம் போலிருந்தது. நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் கழுத்து சிவந்தது.

"அப்ப ஈச்சங்கரட்டுல இருக்கறது?"

"மாட்டுப்பட்டிக் கல்லு."

"அந்தம்மா அழுதுச்சே. கோவிந்தப்பன்னு புருசன்..."

"உங்க பெட்டியத் தூக்கினு வந்தாரே, அவருதான்."

அழகர்சாமி கிளாஸை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். "நான் அழுதேனேத்தா அன்னிக்கு! வீட்ல போயி எம் பொண்டாட்டிக்கிட்ட வேற சொல்லி அழுதேன்!"

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அழகர்சாமி குரலைத் தாழ்த்தினான். கோபம் தாழவில்லை.

"இப்பப் போயி எடம் மாறிப்போச்சுன்னு எழுதிக் குடுத்தா கம்பெனிக்காரன் என்ன சொல்வான்? எங்க பெயின்ட் அடிச்சாலும் அங்க வந்து செத்தவன் இருக்கான்பாங்கன்னு சொல்வான். ஒங்க ஊரு கூடித் தீர்மானம் போட்ட எடம் அது. ஆபீசுல குடுத்த வீடியோ இருக்கு. அந்தம்மா அழுகையத்தான் போட்டுக் காட்டுவான்."

ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தான். பிறகு, "அந்தாளு உசுரோட இருக்காருல்ல?" என்றான்.

"காலையில களி தின்னாரு."

"அவரப் பத்திரமா வச்சுக்கங்க. அந்த அழுக பொய்யின்னு காட்ட அவரு ஒரு ஆளுதான் சாட்சி."

தொட்டியில் கூடிப் பேசினார்கள். சென்னப்பன் கடைசிவரை இறங்கி வரவில்லை.

"காட்டுனா பூட்ஸோட உள்ள போவானுங்க."

"காட்டலன்னா வெடி வெச்சுடுவானுங்க மாமா."

"அவன் கம்பெனி ஆளுன்னு நீ தான சொன்ன?"

சொன்னவள் மாதேவிதான். இப்போதும் அவளுக்கு முழுசாகத் தெரியாது. சென்னப்பன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "சரி, காட்டலாம்" என்றார். அவர் சரி என்ற விதம் அவளுக்கு உறுத்தியது.

இடம் சீங்கைக்கரடுதான் என்று மனு கொடுத்தார்கள். விசாரணைக்குத் தாசில்தார் அம்மா வந்தார். நடக்கத் தெரிந்த பெண்; கரடு ஏற வேண்டுமென்று கான்வாஸ் ஷூ போட்டிருந்தார். கம்பெனி சார்பில் ஹரீஷ்குமார் என்ற மேனேஜர் வந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில். தொட்டிக்காரர்களுக்கும் நீட்டினான். யாரும் வாங்கவில்லை. செல்போனில் வீடியோவைப் போட்டுத் தாசில்தாரிடம் காட்டினான். ஐயோ என் ராசா என்று நாராயணம்மாவின் குரல் செல்லுக்குள்ளிருந்து வந்தது. நிஜ நாராயணம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்தக் கோவிந்தப்பன் எப்ப செத்தாரு?" என்று தாசில்தார் கேட்டார்.

கோவிந்தப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஆதார் அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"நான்தாங்க அது."

"வீடியோவுல பெட்டியோட நிக்கறது?"

"அதுவும் நான்தாங்க. அன்னிக்கி முனியப்பன்."

அழகர்சாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். தாசில்தார் நாராயணம்மாவைப் பார்த்தார். "உயிரோட இருக்கிறவருக்கா அழுதீங்க?"

"எப்படியும் ஒருநா அழுவறது தான சாமி" என்றாள் நாராயணம்மா. "ஊடு மட்டும் இன்னும் வேயலைங்க."

தாசில்தாருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. "இது விளையாட்டு இல்ல. அரசாங்கத்துக்கிட்டப் பொய் சொல்லியிருக்கீங்க. ஈச்சங்கரட்டுப் பட்டாவே கைவிட்டுப் போகலாம். தெரியுதா?"

"மேடம், நான் சொன்னது இதுதான்" என்றான் ஹரீஷ்குமார். "இவங்க ஒவ்வொரு டைமும் ஒவ்வொரு கரட்டக் காட்டுவாங்க. இதுக்கு முடிவே இல்ல."

"இன்னைக்கு முடிவு" என்றார் தாசில்தார். "இப்பவே போய்ப் பாக்கலாம். இதுவும் பொய்யின்னா நான் திரும்பி வரமாட்டேன். பெரியவரே, முன்னால நடங்க."

சென்னப்பன் முன்னால் நடந்தார். சீங்கைக்கரட்டில் பாதி ஏறியதும் ஒரு கவட்டுப் பாதை வரும். வலப்பக்கம் ஏறினால் பலகைப் பாறை. இடப்பக்கம் போனால் மொட்டைச் சரிவு, அங்கே ஒன்றும் கிடையாது. கவட்டில் சென்னப்பன் நின்றார். மூச்சு வாங்கத்தான் நிற்கிறார் என்று மாதேவி நினைத்தாள். அவர் மெல்லத் திரும்பி, பின்னால் வருகிற ஹரீஷ்குமாரின் சட்டையைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி இடப்பக்கம் நீட்டினார்.

"இப்படிங்க."

தொட்டிக்காரர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நாராயணம்மா ஆட்டினாள். சாட்சி சொல்ல வந்த கோவிந்தப்பனும் ஆட்டினார். மாதேவியின் தலையும் ஆடத் தொடங்கிவிட்டது.

கழுத்தை இறுக்கி நிறுத்திக்கொண்டாள். கிழவர் ஏமாற்ற நினைக்கவில்லை. வெளியாள் முன்னால் அந்தக் கை வேறு பக்கம் போகாது, அவ்வளவுதான். ஒருவேளை அவர் செய்வதுதான் சரியோ? இந்த மேனேஜருக்கு இடம் தெரிந்துவிட்டால், இந்தக் கரட்டுக்குப் பட்டா வருவதற்குள் ஓர் இயந்திரத்தை விட்டு எல்லாவற்றையும் வாரித் தள்ள எவ்வளவு நேரம் ஆகும்? அழகர்சாமி இதற்காகவே இத்தனை நாள் நல்லவனாக இருந்தானோ? அவள் அழகர்சாமியைப் பார்த்தாள். அவன் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் நல்லதா கெட்டதா தெரியவில்லை.

தாசில்தார் இடப்பக்கம் கால் வைத்தார்.

"மாமா" என்றாள் மாதேவி. "அந்தப் பக்கம் இல்ல."

தொட்டியில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. சென்னப்பனின் கை நீட்டியபடியே நின்றது. பிறகு இறங்கியது.

மாதேவி வலப்பக்கம் ஏறினாள். பின்னால் ஷூ சத்தம் கேட்டது. வெறும் காலின் சத்தம் கேட்கவே இல்லை. பலகைப் பாறைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது நாராயணம்மா மட்டும் தள்ளி ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"செருப்பக் கழட்டுங்க" என்றாள் மாதேவி. தாசில்தார் குனிந்து கழற்றினார். ஹரீஷ்குமாரும் கழற்றினான், வெள்ளை சாக்ஸ்.

பாறைக்கு அடியில் கற்கள் வரிசை வரிசையாக இருந்தன. கரடெங்கும் உடைந்த, கூரான கல்தான். இங்கே மட்டும் ஓடையில் உருண்டு வழவழத்த கற்கள். முன்வரிசையில் களி காய்ந்து ஒட்டியிருந்தது. பின்னால் போகப் போகக் கற்கள் மண்ணுக்குள் இறங்கிக் கறுத்திருந்தன.

"கொண்டுவந்து வெச்சிருக்கலாமே மேடம்" என்றான் ஹரீஷ்குமார்.

தாசில்தார் பின்வரிசையை நோக்கிக் கை நீட்டினார்.

"தொடாதீங்க!"

மாதேவி கத்திய கத்தலில் தாசில்தார் கையை இழுத்துக்கொண்டார். கோபப்படவில்லை. குந்தி உட்கார்ந்து செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். மேலே நின்ற ஆலமரம் ஒன்றின் வேர் பாறை இடுக்கில் இறங்கி, பின்வரிசைக் கற்களைச் சுற்றி வளைத்து, சிலதை விழுங்கியே விட்டிருந்தது. வேருக்குள் பாதி, வெளியே பாதியாகக் கற்கள் தெரிந்தன.

"இதையும் போன வாரம்தான் கொண்டுவந்து வெச்சாங்களா?" என்று தாசில்தார் கேட்டார். ஹரீஷ்குமார் செல்போனை எடுத்து, நிதானமாக, ஒவ்வொரு பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொண்டான்.

"இதுல உங்க ஆளு யாராவது?"

மாதேவி மோவாயால் முன்வரிசை ஓரத்தைக் காட்டினாள். "எங்கம்மா."

தாசில்தார் எழுந்தார். மறு உத்தரவு வரும்வரை கரட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்றார். ஈச்சங்கரடு விஷயம் தனியாக விசாரிக்கப்படும், அதற்குத் தான் உறுதி சொல்ல முடியாது என்றார். அழகர்சாமி கருவியை வைத்துக் குறி போட்டான். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தது. இத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் இருந்த இடம் இப்போது அந்தப் புள்ளிக்குள் இருந்தது. அதை இனி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எல்லாரும் இறங்கினார்கள். கவட்டில் சென்னப்பன் அதே இடத்தில் நின்றிருந்தார். மாதேவி அருகே வந்ததும், அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இனிமேட்டு எவன் வந்து கேட்டாலும் நீயே சொல்லிக்க."

பாராட்டு இல்லை அது. பீடியைக் காதிலிருந்து எடுத்தவர், பற்ற வைக்காமலே இறங்கிப் போனார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் போனார்கள். கோவிந்தப்பன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

மாதேவி மறுபடி மேலே ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறை ஓரத்தில் உட்கார்ந்தாள். அங்கிருந்து கீழே சாலை தெரியும். ஒரு கிளை அஞ்செட்டிக்குப் போகிறது, இன்னொன்று குவாரி ஆபீசுக்கு. தாசில்தாரின் வண்டி முதலில் போனது. ஹரீஷ்குமாரின் கார் குவாரிப் பக்கம் திரும்பியது. அது எதிர்பார்த்ததுதான். கடைசியாக அழகர்சாமியின் ஜீப். சந்திப்பில் வந்து கொஞ்சம் நின்றது. எதற்கு நிற்கிறான்? அவள் எழுந்து நின்று பார்த்தாள்.

ஜீப் அஞ்செட்டிப் பக்கம் திரும்பியது.

அஞ்செட்டியிலிருந்தும் குவாரிக்கு வழி உண்டு. அவள் செருப்பைத் தேடவில்லை. புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.